மொட்டை மாடியில் ஊட்டி: மார்கழிக்கு ஒரு செய்முறை

சென்னையில் குளிர்காலம் என்று ஒன்று உண்டா என்று கேட்பவர்களை முதலில் மாடி ஏற விடாதீர்கள். உண்டு. மார்கழியிலும் தையிலும் விடிகாலையில் வெப்பம் 20, 21 டிகிரி வரை இறங்கும். குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு பூங்காவைச் சுற்றிவரும் பெரியவர்களே இதற்குச் சாட்சி. அவர்களுக்குக் குளிர்கிறது என்றால் காலிஃபிளவருக்கும் குளிரத்தான் வேண்டும். நம் மாடித் தோட்டக்கலை முழுவதும் இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது.

விதை வாங்கப் போகிறீர்கள். எந்த உறையின் மேல் பூ மிகப் பெரிதாக, மிக வெள்ளையாக இருக்கிறதோ, அதை எடுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதேதோ இருக்கும். படித்துவிட்டால் வாங்க மனம் வராது. 1822-ல் இங்கிலாந்திலிருந்து விதை வந்து சகாரன்பூரில் பயிரான செடி இது. அதற்குப் பிறகு நம் ஊர் வெயிலுக்குப் பழகிய ரகங்கள் பல வந்துவிட்டன. பூசா தீபாளி போன்ற முன்பருவ ரகங்கள் 20 டிகிரிக்கு மேலும் பூ கட்டும். ஸ்னோபால் வகைகளோ 10 முதல் 16 டிகிரி கேட்பவை. சென்னையில் அந்தக் குளிர் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் மட்டுமே கிடைக்கும். நீங்கள் ஆசையாக எடுத்த உறையில் ஸ்னோபால் என்றுதான் போட்டிருக்கும். திருப்பிப் பார்க்க வேண்டாம்.

அடுத்தது தென்னை நார்க்கழிவு. ஐந்து கிலோ கட்டியாக, கையடக்கமாக வரும். தண்ணீர் ஊற்றினால் பெருகும் என்று கடைக்காரர் சொல்வார். 60 லிட்டருக்கு மேல் பெருகும் என்பதை நீங்களே, வீட்டில் இருக்கிற எல்லா வாளியும் நிரம்பிய பிறகு தெரிந்துகொள்வீர்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை அலசிக் கொட்ட வேண்டும். கொட்டுகிற தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். கீழ்வீட்டில் வெள்ளை வேட்டி காய்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொட்டுவது ஒரு முறை. கொட்டிவிட்டுப் பார்ப்பது இன்னொரு முறை. பின்னதே பெரும்பாலோர் கடைப்பிடிப்பது.

வீட்டுக்காரர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "தளம் ஒழுகாதே?" ஒரு கன அடி ஈரமண் 45 கிலோவுக்குக் குறையாது என்று அவரிடம் சொல்லாதீர்கள். "எல்லாம் தேங்காய் நார்தான் சார், பஞ்சு மாதிரி" என்று சொல்லுங்கள். அடுத்துச் சொல்வதில் நான் விளையாடவில்லை. பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்தரமும் ஓடும் இடத்தின் மேல் வரிசையாக வையுங்கள்.

புரட்டாசிக் கடைசியில் குழித்தட்டில் விதை போடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் பின்பாதியில்தான் தொடங்கும். உங்கள் விதை முளைத்து இரண்டு இலை விடுவதும் அப்போதுதான். மழை பெய்யப் பெய்யத் தண்டின் அடி கறுத்து, நாற்று ஒவ்வொன்றாகத் தலை சாயும். இதற்கு நாற்றழுகல் என்று பெயர். மறுபடி விதையுங்கள். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று செய்தி வந்ததும் தட்டுகளை மாடிப்படிக்கு இறக்குங்கள். புயல் ஆந்திராவுக்குத் திரும்பியதும் ஏற்றுங்கள். கார்த்திகை முழுக்க இதுதான் வேலை. ஜிம்முக்குக் கட்டிய பணம் வீண் என்பது இந்த மாதத்தில் விளங்கும்.

இனி மார்கழி. மழை ஓய்ந்திருக்கும், வானம் தெளிந்திருக்கும், செடி மட்டும் அப்படியே நிற்கும். கோடையில் பார்த்துப் பார்த்து வைத்த இடம்தான். ஆனால் சூரியன் இடம் மாறிவிட்டது. டிசம்பர் 21 அன்று நடுப்பகலில்கூட அது சென்னைக்குத் தெற்கே சாய்ந்து, சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பத்தடி உயரத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் வடக்கே ஏழடிக்கு மேல் நீளும். உங்கள் பைகள் எல்லாம் அந்த ஏழடிக்குள்தான் இருக்கும். பகலும் பதினொன்றரை மணி நேரத்துக்குக் குறைவு. பைகளை வடக்கு ஓரத்துக்கு, தொட்டி நிழலும் சுவர் நிழலும் எட்டாத இடத்துக்கு நகர்த்தினால் போதும். ஆனால் நகர்த்துவதில் சுவாரசியம் இல்லை. அதற்குப் பதில் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுங்கள். வெயில் தாழ்ந்த காலத்தில் செடி குடிப்பது குறைவு. மிச்சத் தண்ணீர் வேரில் தேங்கி இலை மஞ்சளாகும். மஞ்சளைப் பார்த்ததும் சத்துக் குறை என்று முடிவு கட்டி உரம் போடுங்கள்.

உரம் என்றால் பஞ்சகவ்யம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பயிருக்குப் பரப்பிய இந்தக் கரைசலை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிக்க வேண்டும். அளவுக்குப் பழகாத அன்பு உள்ளவர்கள் மூடி மூடியாக ஊற்றுவார்கள். தெளிப்பதற்குச் சரியான நேரம், பட்டுப்புடவை கட்டிக்கொண்டு எதிர்வீட்டு மாமி சபாவுக்குக் கிளம்பும் நேரம்.

பூச்சிகள் தாமாகவே வரும், அழைப்பு அனுப்ப வேண்டாம். இலையைச் சல்லடையாக்கும் பச்சைப் புழு வைரமுதுகு அந்துப்பூச்சியின் பிள்ளை. குருத்தில் மொய்ப்பது அசுவினி. அதன் பின்னால் எறும்பு. ஒரு படம் எடுத்து மாடித்தோட்ட வாட்ஸப் குழுவில் போடுங்கள். வேப்பெண்ணெய், இஞ்சி பூண்டுக் கரைசல், புளித்த மோர், அடுப்புச் சாம்பல் என்று பதில்கள் குவியும். ஒருவர் வெறும் கும்பிடு மட்டும் போடுவார். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் போதும். ஆனால் குழு ஒரு முடிவுக்கு வருவதற்குள் புழு கூடு கட்டி அந்தாகப் பறந்திருக்கும்.

பக்கத்துப் பையில் பரங்கிக் கொடி இருந்தால் கோலத்துக்குப் பூ கேட்டு வருவார்கள். தாராளமாகக் கொடுங்கள். முதலில் பூப்பது ஆண் பூ, அது காய்க்காது. அடியில் குட்டிக் காய் தெரிகிற பெண் பூவை மட்டும் காப்பாற்றி, நாலைந்து ஆண் பூவை மகரந்தத்துக்கு விட்டுவையுங்கள்.

தை பிறக்கும். உறவினர் வருவார்கள். "பூ விட்டாச்சா?" என்பார்கள். காலிஃபிளவர் இலை விட்டிருக்கும். அகல அகலமாக, கம்பீரமாக, இலை மட்டும். பொடியாக நறுக்கிப் பொரியல் செய்யுங்கள், நன்றாகவே இருக்கும். மழைக்குப் பயந்து குழித்தட்டிலேயே முற்றவிட்ட நாற்றாக இருந்தால் எலுமிச்சம்பழ அளவில் பூ ஒன்று எட்டிப் பார்க்கும். கை, விரல், கரண்டி எதுவும் சட்டத்துக்குள் வராமல் கிட்டத்தில் போய்ப் படம் எடுங்கள். கீழே தெருவில் தள்ளுவண்டியில் குவியலாகப் பூ போய்க்கொண்டிருக்கும். அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

மாடியின் மூலையில், உடைந்த பிளாஸ்டிக் வாளியில், ஆடியில் அம்மா ஊன்றிய பந்தல் அவரை ஒன்று இருக்கும். துணிக்கொடியைப் பிடித்து, டிஷ் ஆன்டெனாவைச் சுற்றி ஏறியிருக்கும். அதற்கு யாரும் பஞ்சகவ்யம் தெளித்ததில்லை. பகல் குறுகினால்தான் பூக்கும் செடி அது. காலிஃபிளவருக்குப் பற்றாத அதே மார்கழிதான் அதற்கு வேளை. பொங்கல் கூட்டுக்குழம்பில் அவரையும் மொச்சையும் விழுவது அந்த மாதத்தில் அவை காய்ப்பதால்தான். அசுவினி அதையும் மொய்க்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் உதிர்ந்துவிடும்.

வருகிற ஆடியில் நாலு அவரை விதை ஊன்றுங்கள். காலிஃபிளவரை வண்டிக்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மிஞ்சிய ஸ்னோபால் விதையைத் தயவுசெய்து யாருக்கும் தானம் செய்யாதீர்கள். உங்கள் தெருவில் இன்னும் நாலைந்து மொட்டை மாடி காலியாக இருக்கிறது.