பாய்மரப் படகில் தம்பதியர் ஓய்வு: குன்னத்துகால் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

நீலக்கடல். தென்னை மரங்கள் நிற்கும் தீவு. நடுவே ஒரு பாய்மரப் படகு, அதில் ஒரு கணவனும் மனைவியும். வங்கிகளும் நகைக்கடைகளும் தரும் நாட்காட்டிகளில் இந்தப் படத்தைப் பார்க்காதவர் இருக்க மாட்டார். கணவன் காலை நீட்டிப் படுத்திருக்கிறான். மனைவி தொப்பியைப் பிடித்துக்கொண்டு அடிவானத்தைப் பார்க்கிறாள். அப்படியானால் படகை யார் ஓட்டுகிறார்கள்? அறிஞர் உலகம் இந்தக் கேள்வியை இதுவரை தொட்டதில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்தக் கட்டுரை எழுந்தது.

ஆய்வுக் களம்

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர் குன்னத்துகால். ரப்பரும் வாழையும் மரச்சீனியும் உண்டு. கடல் மட்டும் இல்லை. கடல் இல்லாத ஊரில் கடல் ஆய்வா என்று கேட்போர்க்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 1922, 1924 ஆகிய இரு ஆண்டுகளிலும் எவரெஸ்ட் ஏறப் போன மருத்துவர் ஹோவர்டு சாமர்வெல், நெய்யூரில் பல்லாண்டு மருத்துவப் பணி செய்தார். இன்று காரக்கோணத்தில் அவர் பெயரில் ஒரு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. பனிமலை ஏறியவர் பெயர் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நிலைக்கலாம் என்றால், பாய்மர ஆராய்ச்சியும் இங்கே வேர் பிடிக்கலாம்.

மேலும் எங்களுக்கு நீர்வழிக் கனவு புதிதல்ல. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை வள்ளத்திலேயே போய்விடலாம் என்று உத்திரம் திருநாள் மார்த்தாண்டவர்மா காலத்தில், 1860-இல் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் தொடங்கப்பட்டது. சுருக்கமாக ஏ.வி.எம். கால்வாய். பத்மநாப சுவாமி, இங்கிலாந்து ராணி, திருவிதாங்கூர் மன்னர் என மூவர் பெயரையும் சுமந்தும் அது கன்னியாகுமரி போய்ச் சேரவில்லை. கடலோரப் பூவாரிலிருந்து மண்டைக்காடு வரை வெட்டியதோடு சரி. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை அதன் குறுக்கே விழுந்தது. கனவு பெரிது, வாய்க்கால் சிறிது என்பது இவ்வட்டாரத்தின் முதல் நீரியல் பாடம்.

முன்னோடித் தரவுகள்

படகில் வாழ்ந்த தம்பதியர் கற்பனை அல்லர். இங்கிலாந்தின் எரிக் ஹிஸ்காக், சூசன் ஹிஸ்காக் இணை 1952 முதல் 1955 வரை ‘வாண்டரர் 3’ என்ற 30 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்தது. லின் பார்டி, லாரி பார்டி இணையின் ‘செராஃபின்’ இன்னும் சிறியது. 24 அடி சொச்சம். தங்கள் கையாலேயே கட்டிய அந்தப் படகில் எஞ்சின் கிடையாது. காற்று நின்றால் படகும் நிற்கும். 1969-இல் கலிபோர்னியாவிலிருந்து கிளம்பி, பதினோரு ஆண்டு அதிலேயே சுற்றினார்கள்.

24 அடி நீளத்துக்குள் அடுக்களை, படுக்கை, பாய்கள், கயிறுகள், அரிசி மூட்டை, கோபம் எல்லாம் அடங்க வேண்டும். சண்டை போட்டுவிட்டு மனைவி தாய் வீட்டுக்குப் போக முடியாது. கணவன் முக்கு வரை போய் ஒரு சாயா குடித்துவிட்டு வரவும் முடியாது. குடும்பவியல் அறிஞர்கள் இந்த அம்சத்தைத் தனியே ஆராயலாம்.

வேகக் கணக்கு

படகின் நீர்க்கோட்டு நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு எத்தனை கடல்மைல் என்று அதன் உச்ச வேகம் கிடைக்கும். இது கப்பல் கட்டுவோர் ஒப்புக்கொண்ட கணக்கு. 25 அடி நீளத்துக்கு 6.7 கடல்மைல், அதாவது மணிக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டருக்கும் கீழே. பாறசாலையில் மீன் வாங்கிக்கொண்டு சைக்கிளில் வீடு திரும்புகிறவர் வியர்க்காமல் இதை முந்துவார்.

குன்னத்துகால் தம்பதியர் பூவாரில் பாய் விரிப்பதாகக் கொள்வோம். அவர்கள் போகத்தக்க வெப்பமண்டலத் தீவு மினிக்காய். ஏறக்குறைய நேர் மேற்கே, சுமார் 440 கிலோமீட்டர். மணிக்கு 5 கடல்மைல் என்றால் இரண்டு பகல், இரண்டு இரவு. இலட்சத்தீவுக்கு அனுமதிச் சீட்டு வாங்க ஆகும் காலம் இதில் சேராது.

இது நல்ல பருவத்துக் கணக்கு. சூன் பிறந்துவிட்டால் காற்றும் அலையும் மேற்கிலிருந்து எதிரே வரும். எந்தப் பாய்மரமும் காற்றின் முகத்தில் நேராக ஏறாது. இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்ந்துதான் போக வேண்டும். சாய்வு 45 பாகை என்றால் 440 கிலோமீட்டர் 620 ஆகிவிடும். கேரளத்தில் சூன் 9 முதல் சூலை 31 வரை 52 நாள் விசைப்படகுகளே இழுவலைக்குப் போகாமல் கரையில் கிடக்கும் காலம் அது. அப்போது தேனிலவுக்குப் பாய் விரிப்பவரை அறிவியலால் காப்பாற்ற முடியாது.

உறக்கம் பற்றிய கண்டுபிடிப்பு

நடுக்கடலில் படகை நிறுத்தி வைக்க நங்கூரம் எட்டாது. சரக்குக் கப்பல்கள் இரவிலும் போகும். ஆகவே ஒருவர் எப்போதும் விழித்திருக்க வேண்டும். மூன்று அல்லது நான்கு மணி நேரம் கணவன் முறை, அடுத்து மனைவி முறை. இரவுப் பணி நர்சும் பகல் பணி பஸ் டிரைவரும் செய்துகொண்ட கல்யாணம் போல, இருவரும் முறை மாறும்போது மட்டும் முகம் பார்த்துக்கொள்வார்கள். இணைபிரியாமல் வாழப் படகேறியவர்களின் நிலை இது.

இருவர் மட்டும் ஓட்டிய படகுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கோழிக்கோட்டின் தில்னாவும் புதுச்சேரியின் ரூபா அழகிரிசாமியும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். ‘தாரிணி’ என்ற 56 அடிப் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-இல் கோவாவிலிருந்து கிளம்பி, ஹார்ன் முனையைச் சுற்றி, 25,000 கடல்மைலுக்கு மேல் கடந்து, 2025 மே மாத இறுதியில் திரும்பினார்கள். ஒருவர் கேரளம், ஒருவர் புதுச்சேரி. இரண்டு மொழிகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடிக்கும் எங்கள் எல்லைக்கு இந்தக் கூட்டணி புதிதல்ல. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: எட்டு மாதப் பயணத்தை அவர்கள் பணி என்றே சொன்னார்கள். ஓய்வு என்று சொல்லவில்லை.

எதிர்வாதம்

நாட்காட்டிப் படத்தைக் காட்டி, “நாமளும் ஒரு படகு வாங்கி இப்படிச் சுத்துவமா?” என்று குன்னத்துகாலில் எந்தக் கணவன் கேட்டாலும் கிடைக்கக்கூடிய பதில் இதுதான்:

“பிள்ளையளுக்க அப்பா, அது கெடக்கட்டு. படகுல பாத்திரம் ஆரு களுவுவா?”

இதை அலட்சியம் என்று ஒதுக்கக்கூடாது. முறையியல் நோக்கில் இது இக்கட்டுரையின் ஆகச் சிறந்த கேள்வி. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று அளந்து ஊற்றும் இடத்தில் பாத்திரத்தை உப்புத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். அடிப்பாகத்தில் ஒட்டும் சிப்பிகளை முங்கிச் சுரண்ட வேண்டும். கிழிந்த பாயைத் தைக்க வேண்டும். கக்கூஸ் பம்பு அடைத்தால் ஆள் கூப்பிட முடியாது. வீட்டு வேலை முழுவதும் அப்படியே இருக்கிறது. வீடு மட்டும் ஆடுகிறது.

ஒப்பீட்டு ஆய்வு: பூவார்

இனி நேர்மாறான சான்று. அகத்தியமலையில் பிறந்து சுமார் 56 கிலோமீட்டர் ஓடி வரும் நெய்யாறு கடலைச் சேரும் இடம் பூவார். சாலமோன் மன்னனின் கப்பல்கள் வந்த ஓஃபீர் இதுதான் என்று நம்புவோரும் உண்டு. இன்று வருபவர்கள் பெரும்பாலும் புது மாப்பிள்ளை, புதுப் பெண். மணிக்கணக்குக்குப் படகு பேசி, ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறுகிறார்கள்.

கண்டல் மரங்கள் கூரைபோல் கவிந்த இடத்தில் படகோட்டி எஞ்சினை அணைக்கிறார். நீர்க்காகம் உட்கார்ந்திருக்கும் கொம்பைக் கை நீட்டிக் காட்டுகிறார். பொழியருகே மணல்திட்டு வந்ததும் முதலில் தாம் இறங்கி, முழங்கால் நனைய முன்பக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறார். பெண்ணின் செருப்பு நனையவில்லை. பிறகு மாப்பிள்ளையின் கைப்பேசியை வாங்கி, “கொஞ்சம் சேர்ந்து நில்லுங்க” என்று படம் எடுக்கிறார். அந்தப் படத்தில் கணவனும் மனைவியும் நாட்காட்டியில் இருப்பவர்களைப் போலவே ஓய்வாக இருக்கிறார்கள். படகோட்டி அதில் இல்லை.

ஆய்வுச் சிக்கல் இத்துடன் தீர்ந்தது. நாட்காட்டிப் படகை ஓட்டியவரும் படத்துக்கு வெளியேதான் நின்றிருக்கிறார்.

முடிவுகள்

1. படகில் இருவர் அனுபவிக்கும் ஓய்வு, மூன்றாவது ஆள் பார்க்கும் வேலைக்குச் சமம். இதை ‘பூவார் விதி’ எனலாம்.

2. மூன்றாவது ஆள் இல்லாத படகில் ஓய்வு இல்லை. அங்கே இருப்பது திறமை, துணிச்சல், பொறுமை ஆகியவை. அவை ஓய்வைவிட உயர்ந்தவை. ஆனால் படுத்துக்கொண்டு அனுபவிக்க முடியாதவை.

3. ஆகவே, கலப்பில்லாத ஓய்வை மட்டும் அளந்தால், பூவாரில் ஒரு மணி நேரம் படகேறிய குன்னத்துகால் தம்பதியர், பதினோரு ஆண்டு செராஃபினில் வாழ்ந்தவர்களை வென்றுவிடுகிறார்கள்.

பரிந்துரை

தம்பதியராகப் பூவார் போகிறவர்கள் அடுத்த முறை படகோட்டியையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மணல்திட்டில் இளநீர் வெட்டும்போது மூன்று வெட்டச் சொல்லுங்கள்.