லெட்டெரா 22 தட்டச்சுப் பொறியில் ஒன்றின்மைக் கோட்பாடு: ஓர் உயராய்வு

ஆய்வின் நோக்கம்: ஆய்வு செய்தல்.

ஆய்வின் எல்லை: இத்தாலியில், இவ்ரியா ஊரைச் சேர்ந்த ஒலிவெட்டி நிறுவனம் 1950இல் வெளியிட்ட லெட்டெரா 22 என்னும் கையடக்கத் தட்டச்சுப் பொறி. கால எல்லை: நல்கைத் தொகை தீரும்வரை.

முன்னாய்வுகள்: இப்பொருளை இதுவரை எவரும் ஆராயவில்லை. ஆராய்ந்தவர்கள் சரியாக ஆராயவில்லை.

பொறியின் புறவடிவை வரைந்தவர் மார்செல்லோ நிட்சோலி. உள்ளுறுப்புகளை அமைத்தவர் ஜுசெப்பே பெச்சோ. எடை ஏறத்தாழ 4 கிலோ, உயரம் ஏறத்தாழ 8 செ.மீ. மேசைத் தட்டச்சுப் பொறிகளில் தலைக்குமேல் துருத்திக்கொண்டிருக்கும் கேரியேஜ், இதில் உடலோடு உடலாகப் பதுங்கிவிட்டது. 1954இல் இத்தாலியின் கொம்பாசோ தோரோ வடிவமைப்புப் பரிசு இதற்குக் கிடைத்தது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றுள்ளது. இவை அனைத்தும் உண்மை; ஆகவே ஆய்வுக்கு உகந்தவை அல்ல.

நிறம்: உண்டு. மணி: அடிக்கும் (காண்க: மணி). சிவப்பு விசை: ஒன்று.

ஆனால் 'ஒன்று' எங்கே?

ஈண்டுதான் ஆய்வு சூடுபிடிக்கிறது. லெட்டெரா 22இன் எண் வரிசை 2இலிருந்து தொடங்குகிறது. 1 இல்லை. வேண்டுவோர் ஆங்கிலச் சிறிய எல் எழுத்தைத் தட்டிக்கொள்ள வேண்டும். சில விசைப்பலகைகளில் 0உம் இல்லை. பெரிய ஓ எழுத்தே சுழியம். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, ஒரு விசையும் அதன் கம்பியும் மிச்சம் என்று தட்டச்சு மெக்கானிக் யாரும் அரை நிமிடத்தில் விளக்கிவிடுவார். அரை நிமிடத்தில் முடிவது ஆய்வாகாது (காண்க: இக்கட்டுரையாளரின் அச்சேறாத நூல், ப. 1).

விளைவுகளைக் கருதுக. 1950இல் பிறந்த பொறியால் தன் பிறந்த ஆண்டைத் தட்ட இயலாது. 0உம் இல்லாத விசைப்பலகையானால், அது தட்டும் 1950இல் 9உம் 5உம் மட்டுமே எண்கள். முதலும் கடைசியும் எழுத்துகள். ஒலிவெட்டியின் முதல் தட்டச்சுப் பொறி டூரின் கண்காட்சிக்கு வந்த 1911ஐ எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம்: மூன்று எழுத்துகளுக்கு நடுவே ஓர் 9 திக்கற்று நிற்கிறது. அப்பொறியின் பெயர் எம்1 என்பது எரிகிற தீயில் எண்ணெய். அதே விசைப்பலகையில் தட்டிய நூறு என்னும் எண்ணிலோ மருந்துக்கும் எண் இல்லை. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1959இல் இப்பொறியைக் கடந்த 100 ஆண்டுகளின் சிறந்த வடிவமைப்பாகத் தேர்ந்தது, அந்த 100ஐ இதே பொறியில் தட்டியிருந்தால் பாராட்டின் செல்லுபடித் தன்மை மேலாய்வுக்குரியது (காண்க: மேற்படி நூலின் திருத்திய பதிப்பு, அதுவும் அச்சேறவில்லை, தொகுதி 3, அடிக்குறிப்பு 41இன் அடிக்குறிப்பு).

கள ஆய்வும் மேற்கொள்ளத்தக்கது. இதழாளர் இந்த்ரோ மொந்தனெல்லிக்கு மிலான் பூங்காவில் சிலை உண்டு; மடியில் லெட்டெரா 22. அவர் பிறந்தது 1909. அதை அவர் மடியிலிருந்த பொறி எவ்வாறு தட்டியது என வினவலாம். சிலை பதிலளிக்க மறுத்தால் அதையும் தரவாகக் கொள்ளலாம்.

இத்துறையில் இரு கட்சிகள் உள. எண்வாதியர், தட்டச்சாளர் 1 என்று நினைத்துத் தட்டியதால் அது 1 என்பர். எழுத்துவாதியர், நினைப்பு சான்றாகாது என்பர். இரு சாராரும் ஒருவர் கருத்தரங்குக்கு மற்றவர் செல்வதில்லை. சென்றாலும் மதிய உணவுக்கு முன் பேசுவதில்லை.

இனி நம் துணிபு. எழுத்தையே எண்ணாக ஆள்வது எவர் மரபு? க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு என்று எழுதியவர் எவர்? எனவே ஒலிவெட்டி இதைத் தமிழரிடமிருந்தே பெற்றது வெள்ளிடைமலை. இவ்ரியாவுக்குத் தமிழ் வணிகர் சென்றதற்குச் சான்று இல்லையே எனலாம். சான்று இல்லாமையே சான்று அழிக்கப்பட்டதற்குச் சான்று. ஒலிவெட்டிக்கு முந்தைய அமெரிக்கப் பொறிகளிலும் 1 இல்லையே எனலாம். அங்கும் சென்றிருப்பர் (காண்க: மேற்படி நூலின் மூலப்படி, கரையான் அரித்த ஏடு, அரித்த பகுதி, ஒப்பு நோக்க, அக்கரையானின் வாய்மொழி வழக்காறு, பதிப்பாசிரியர் இக்கட்டுரையாளரே).

காலக் கணிப்பில் இதன் பயன் பெரிது. ஒரு நூலை ஐந்நூறு ஆண்டு முன்னே தள்ளவும் பின்னே இழுக்கவும் நம் அறிஞர்கள் இதுவரை தோள்வலியையே நம்பியிருந்தனர். தொல்காப்பியர் இதனால் பட்ட அலைச்சல் சொல்லி மாளாது. ஆண்டின் முதல் எண்ணே எண் அல்ல என நிறுவிவிட்டால் ஒரே தட்டில் ஆயிரம் ஆண்டுகள் கழியும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். தட்டச்சில் அடித்த ஆய்வேட்டால் முனைவர் பட்டம் பெற்றோர், தம் முகப்புப் பக்கத்து ஆண்டை உருப்பெருக்கியால் பார்க்கவும். அங்கே எல் இருப்பின், பட்டம் இன்னும் வழங்கப்படவில்லை என்று கொண்டு, வாங்கிய ஊதிய உயர்வைத் திருப்பிச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.