காவற்காடு

எழுபதுகளில் எங்களுக்குச் செஞ்சிக் கோட்டை என்றால் மேய்ச்சல் நிலம். பள்ளி விட்டதும் அத்தையோடு ஆடு ஓட்டிக்கொண்டு மதிலுக்குள் புகுந்தால் பொழுது சாயும்வரை யாரும் தேடமாட்டார்கள். காரைப்பழம், சூரைப்பழம், இலந்தை. ஆவணி, புரட்டாசி வந்தால் சீத்தாப்பழம். எதைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்பது அத்தை சொல்லித்தான் தெரியும். "அந்தப் பக்கம் போவாதடா, சப்பாத்தி முள்ளு காலக் கிழிச்சிடும்" என்று அத்தை போடும் சத்தம் ராணிக்கோட்டைப் பாறையில் பட்டு இன்னொரு முறையும் கேட்கும். ராணிக்கோட்டை என்று நாங்கள் சொன்னது கிருஷ்ணகிரியை. அதோடு ராஜகிரி, சந்திரகிரி. மூன்று குன்றுகளையும் வளைத்துச் சுமார் 13 கிலோமீட்டர் ஓடுகிறது மதில். உள்ளே பாறை, புதர், குளம், கோயில், களஞ்சியம். செஞ்சி ஊரின் விளிம்பிலேயே இவ்வளவு பெரிய காடு கிடந்தது. அதைக் காடு என்று யாரும் சொன்னதில்லை.

வரலாறென்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தேசிங்குராஜன் கதைதான். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்ட இளைஞன், அவனுடைய குதிரை பாராசாரி. 1677-இல் சிவாஜி பிடித்தது, அவர் மகன் ராஜாராம் உள்ளே இருக்க மொகலாயப் படை 1698 வரை எட்டு ஆண்டுகள் வெளியே காத்துக் கிடந்தது, 1750-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே இரவில் உள்ளே வந்தது, 1761-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது எல்லாம் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டவை. யாராலும் நெருங்க முடியாதபடி கட்டிய கோட்டை இப்படிக் கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது. வெங்கடரமணர் கோயில் தூண்கள்கூடப் புதுச்சேரிக்குப் போய்விட்டன. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான்.

படைகளுக்கு வேலை இல்லாமல் போன பிறகுதான் இந்த மதில் உண்மையில் எதையோ காக்கத் தொடங்கியது. விழுப்புரம் மாவட்டத்தில் கருங்கல் குவாரிகளுக்குக் குறைவில்லை. ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் போன குன்றுகளை இந்தப் பக்கத்துக்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறோம். இந்த மூன்று குன்றுகள் மட்டும் முழுசாக நிற்கின்றன. 1921-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டதே காரணம். கட்டடத்துக்காக வந்த பாதுகாப்பின் நிழலில் காரையும் சூரையும் பிழைத்துக்கொண்டன.

2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ மராட்டியப் படைத்தலங்கள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று எங்கள் ஊரில். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை எழுதி மாளாது. அன்று ஆட்டோடு நுழைந்த வாசலில் இன்று டிக்கெட் வாங்குகிறேன். அதில் எனக்குக் குறையில்லை. கவலை வேறு. கிண்டிக் காடு வெறும் 2.7 சதுர கிலோமீட்டர்தான், ஆனால் 1978 முதல் தேசியப் பூங்கா. அங்கே மரத்துக்கும் மானுக்கும் அவற்றின் பெயராலேயே காவல் உண்டு. செஞ்சிப் புதருக்கு அப்படி ஒரு பெயர் கிடைக்கவில்லை. அழகுபடுத்தல் என்று கிளம்பினால் முதலில் அரிவாள் விழுவது அதன்மேல்தான்.

மதில் இடுக்கில் வேர்விடும் ஆலையும் அரசையும் எடுக்கத்தான் வேண்டும், விட்டால் கல்லைப் பிளந்துவிடும். ஆனால் சமதரையில் நிற்கும் காரைப் புதரை வெட்டிவிட்டுப் புல்தரை போடுவது கோட்டையின் ஒரு பாகத்தை இடிப்பதற்குச் சமம். அரண் என்றால் நீர், நிலம், மலை, காடு நான்கும் சேர்ந்தது என்பது வள்ளுவர் கணக்கு. ஆனைக்குளமும் சக்கரக்குளமும் இருக்கின்றன, குன்றுகள் இருக்கின்றன. நான்காவதைக் களை என்று பிடுங்கினால் மிஞ்சுவது வெறும் சுவர்.

அன்று ஆலம்பழமும் இலந்தையும் தின்ற குரங்குகள் இன்று பையைப் பிடுங்கிச் சிப்ஸ் பொட்டலத்தைக் கிழிக்கின்றன. பழக்கியது நாம்தான். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் 24 அடி அகலத்தில் ஒரு பிளவு உண்டு, ஆழம் 60 அடி. பகைவன் தாண்டக்கூடாது என்று அதன்மேல் ஒரு மரப்பாலம் மட்டும் வைத்திருந்தார்கள். போன முறை அந்தப் பாலத்தில் நின்று குனிந்தபோது கீழே தண்ணீர் பாட்டில்கள் கிடந்தன. எடுக்க வேண்டுமானால் கயிறு கட்டித்தான் ஆள் இறங்க வேண்டும்.

நீலகிரியில் 2022-இல் டாஸ்மாக் கடைகள் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தரத் தொடங்கின. காட்டில் வீசும் கண்ணாடியைக் குறைக்கத்தான் அந்த ஏற்பாடு. மது பாட்டிலுக்குச் செய்ய முடிந்ததைத் தண்ணீர் பாட்டிலுக்கும் செய்யலாம். அடிவாரத்தில் ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு பதிவேடு. கூடவே குடிதண்ணீர்க் குழாய் ஒன்று.