மருந்து வாடை

கோவில்பட்டியில் மருந்து என்றால் இரண்டு. ஒன்று, தீக்குச்சித் தலைக்கு முக்குவது. இன்னொன்று, குடிதண்ணீரில் கலப்பது. முதல் மருந்து அளவு பிசகினால் ஆலையே பற்றிக்கொள்ளும்; முதலாளி பக்கத்திலேயே நிற்பார். இரண்டாவதற்கு முதலாளி நாம்தான். வரி மட்டும் கட்டுகிறோம்.

"என்ன அண்ணாச்சி, தண்ணி இப்படி நாறுது?"

"மருந்து வாடை வந்தாத்தாம்மா நல்ல தண்ணி."

மக்கள் மூக்கே ஆய்வகம்! செலவில்லாத நிர்வாகம்.

மக்கிய இலை தழையின் சாறு கரைந்த ஆற்றுநீரில் குளோரினைக் கொட்டினால் குளோரோஃபார்ம் பிறக்கும் என்று ராட்டர்டாம் குடிநீர் நிலையத்தில் இருந்த யோஹன்னஸ் ரூக் 1974லேயே எழுதிவிட்டார். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று நம் இந்தியத் தர நிர்ணயமும் 2012ல் சொல்லிவிட்டது. அந்த எண்ணை எந்தக் குழாயடியில் எழுதிப் போட்டிருக்கிறீர்கள், ஐயா? திறப்புவிழாக் கல்வெட்டில் பெயர் பொறிக்க இடம் இருந்ததே!

குளோரினை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் வாந்திபேதி வரும். முதலில் படிகாரம் போட்டு அழுக்கைத் திரட்டி இறக்கு, மிச்சத்தைக் கரியில் வடி, கடைசியில் மருந்து போடு என்கிறோம். கரிசல் ஊருணிக் கலங்கல் தெளிய, பானைக்குள் தேத்தாங்கொட்டை உரசிய கிழவிக்கே இந்த வரிசை தெரியும். புண்ணைக் கழுவாமல் களிம்பு அப்புகிற வைத்தியம் அவளுக்குத் தெரியாது.

நமக்குத் தண்ணீர் சீவலப்பேரியிலிருந்து வருகிறது. ஆற்றில் அதற்கு மேலே திருநெல்வேலி. தாமிரபரணிக்கு அந்த மாநகரம் செலுத்தும் காணிக்கை சாக்கடை. அதைத் தின்று கொழுக்கிறது அமலைச்செடி. 2024 நவம்பரில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் இருவர் நேரிலேயே வந்து பார்த்தார்கள். இந்த அழுக்கில் கொஞ்சத்தையாவது சம்பளம் வாங்காமல் வடிகட்டிக்கொண்டிருந்தது ஆற்று மணல். அதையும் லாரி லாரியாக விற்றுத் தின்றார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு கோர்ட்டில் தானே நின்று வாதாடி 2010ல் தடை வாங்க வேண்டியிருந்தது. வடிகட்டியை விற்றுவிட்டு பிளீச்சிங் பவுடர் வாங்குகிற சாமர்த்தியத்துக்கு ஒரு புவிசார் குறியீடு தரலாம். ஏற்கெனவே அதை வாங்கிய நம் ஊர்க் கடலை மிட்டாய்க்குத் துணையாக இருக்கும்.

இதில் ஒரு கூத்து. தண்ணீரில் கிடக்கும் அழுக்கு, வழியெல்லாம் குளோரினைத் தின்றுகொண்டே வரும். கிருமியைக் கொல்ல வேண்டியது இலைச்சாற்றோடு மல்லுக்கட்டித் தீர்ந்துபோகும். தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் மூக்கைப் பொத்துகிறார்கள். குழாய் போய் முடிகிற தெருவில் வாடையே இல்லை. அங்கே ஒருத்தி குடத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்குத்தான் நல்ல தண்ணி விட்டிருக்கான்" என்று பிள்ளைக்கு ஒரு டம்ளர் மோந்து கொடுக்கிறாள்.