வகுப்பறை ஜன்னல் அலங்கார விசாரம்

சிறு பிள்ளைகள் வண்ணக் காகிதத்தை வெட்டிப் பள்ளிக்கூட ஜன்னலில் ஒட்டும் கைவேலையைப் பற்றித் தொல்காப்பியர் சூத்திரம் ஏதும் செய்யாது விட்டதும், இளம்பூரணர் முதல் நச்சினார்க்கினியர் ஈறாக உரை கண்டோர் எவரும் அவ்விடுபாட்டைக் குறித்து ஒரு சொல்லும் சொல்லாமற் போனதும், இத்துறை நம் முன்னோரால் எத்துணை ஆழ்ந்து சிந்திக்கப்பட்டது என்பதற்குப் போதிய பிரமாணமாகும். இல்லாத சான்றைக்கொண்டு உறுதியான முடிவை நாட்டுவதன்றோ ஆராய்ச்சியுலகின் சம்பிரதாயம்!

இவ்வலங்காரம் ஒட்டுவன, தொங்குவன, வீழ்வன என மூவகைப்படும். ஒட்டுவன, கண்ணாடி உள்ள ஜன்னலுக்குரியன. தொங்குவன, கம்பி மட்டும் உள்ள ஜன்னலுக்குரியன, நூற்கண்டு வேண்டும். வீழ்வனவே விரிவான விசாரணைக்குரியன.

வெள்ளிக்கிழமை ஒட்டிய காகிதப்பூ திங்கட்கிழமை தரையிற் கிடப்பதற்குக் காரணம் பசை நீர்த்திருந்ததே என்பது முதற் பெஞ்சு மரபினர் கொள்கை. காற்றே காரணம் என்பர் கடைசிப் பெஞ்சார். அவர்கள் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தவர்களாதலின் அவ்வாதம் சந்தேகத்துக்குரியது. இவ்விரு கட்சியையும் மறுத்து, மூன்றாம் பெஞ்சின் பலகையில் காம்பஸ் முனையாற் பொறிக்கப்பெற்று, பிறிதொரு கையால் மை பூசி மறைக்கப்பெற்று, அம்மையின்மேற் சிந்திய பசை உலர்ந்து உரிந்தமையால் மீண்டும் பாதி வெளிப்பட்டுள்ள சாசனம் ஒன்று, 'பிய்த்தது இவன்தான்' என முடிகிறது. பெயர் இருந்த இடம் சிதைந்தமையால் பாடபேதங்கள் மூன்று வழங்குகின்றன. அம்மூவரும் அன்று தாம் பள்ளிக்கே வரவில்லை என்கின்றனர்.

ஜெர்மனியில் 1837-இல் குழந்தைகளுக்கெனப் பள்ளி தொடங்கிய பிரோபெல் வகுத்த முறையில் காகித மடிப்புக்கும் இடம் உண்டு. அதனால் தூண்டப்பெற்று, காகிதத்தை மடித்தே வடிவகணிதம் பயிலும் நூலொன்றை டி. சுந்தர ராவ் ஆங்கிலத்தில் எழுதிச் சென்னையில் 1893-இல் வெளியிட்டார். இவை மெய்யான செய்திகளாதலின் இவ்வாராய்ச்சிக்கு அதிகம் பயன்படா.

சதுரத் தாளை நடுவில் ஒருமுறையும், குறுக்கே மறுமுறையும், பின் நடுமூலையிலிருந்து மூலைவாட்டாகவும் மடித்து, மடிப்போரம் ஒன்றில் சிறு முக்கோணம் வெட்டி விரித்தால், ஒத்த துளைகள் நான்கு தோன்றும். ஒரே வெட்டை நான்காகக் காட்டும் இவ்வித்தையைப் பிள்ளைகள் சிறு வயதிலேயே கற்றுக் கைதட்டி மகிழ்கின்றனர். ஒரே கருத்தை மடித்து வெட்டி நான்கு சஞ்சிகைகளில் விரிக்கும் வித்வான்களோ முகத்தில் சிரிப்பின் சாயலும் இன்றி அதனைச் செய்கின்றனர். மடிப்போரம் இரண்டையும் அடியோடு வெட்டினால் தாள் எட்டுத் துண்டாய் உதிர்ந்துவிடும் என்பதைப் பிள்ளைகள் ஒரே தடவையில் உணர்ந்துகொள்வதும் ஈண்டுக் கருதத்தக்கது.

எஞ்சியது பசை. மைதாவைத் தண்ணீரிற் கரைத்து, கட்டி தட்டாமற் கிளறிக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். பூச்சி அரிக்காதிருக்க இடும் மயில்துத்தம் நஞ்சாதலின், விரல் சூப்பும் பருவத்தார் கையாளும் பசையில் அதனைச் சேர்த்தல் ஆகாது. மேலும் ஐயமுடைய ஆராய்ச்சியாளர் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு வரலாம். கத்தரிக்கோலை அவரவரே கொண்டுவர வேண்டும், அதுவும் முனை மழுங்கியதாக.