வங்கி மாறு படலம்

செல்போன் எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2011-இல் நாடு முழுக்க வந்துவிட்டது. வங்கிக் கணக்குக்கும் அப்படிச் செய்யலாமே என்று 2017-இல் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் எஸ்.எஸ். முந்த்ரா சொன்னார். சொன்னதோடு சரி.

ஆகவே வங்கி மாறுகிறவன் வீட்டுக்கடன் தவணை, காஸ் மானியம், இன்ஷூரன்ஸ், ப்ளே ஸ்கூல் ஃபீஸ் என்று ஒவ்வொரு வாசலாகப் போய்த் தகவல் சொல்ல வேண்டும். மாமியாருக்குத் தனியாக விளக்க வேண்டும். “இருக்கிற பேங்க்குக்கு என்ன கேடு, மாப்ளே?”

கணக்கை மூடும் படிவத்தில், கையெழுத்துக் கட்டத்துக்குள் மூன்று வயதுப் பாப்பா நீலக் கிரேயானில் ஏதோ வரைந்திருந்தாள்.

“இது என்ன சார்?”

“யானை.”

“வேற ஃபார்ம் எழுதுங்க.”

எழுதினால், கையெழுத்து ஒத்துப்போகவில்லையாம். பன்னிரண்டு வருஷத்தில் தொப்பையே மாறிவிட்டது, கையெழுத்து மாறாதா? இதற்கிடையில் நூல் போட்டுக் கட்டிய கவுண்டர் பேனாவைப் பாப்பா நூலோடு பிடுங்கிவிட்டாள். அங்கே அன்றைக்கு உருப்படியாக முடிந்த ஒரே பரிவர்த்தனை அதுதான்.

பத்து வயதான பிள்ளைகள் சேமிப்புக் கணக்கைத் தாங்களே இயக்க வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2025-இல் சொல்லியிருக்கிறது. “இன்னும் ஏழு வருஷம்தானே, அவளே வந்து முடிச்சுக்குவா. வாங்க போகலாம்” என்றாள் மனைவி.