டிக்கெட் இருபது வெள்ளி, படம் இருநூறு வெள்ளி

மெர்போக்கில் திரையரங்கு இல்லை. கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், ஜெராய் மலையடிவாரத்தில் இருக்கும் இந்தச் சிற்றூரில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகம் உண்டு. பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கோயிலின் அடித்தளத்தை ஊருக்குள்ளேயே பார்த்துவிடலாம். போன வாரம் வெளியான படத்தைப் பார்க்கத்தான் பீடோங் வழியாகச் சுங்கை பட்டாணிக்குப் போக வேண்டும். அதனால் இங்கே சினிமாச் செலவு டிக்கெட்டில் தொடங்குவதில்லை, "யார் யார் வர்றீங்க?" என்ற கேள்வியில் தொடங்குகிறது.

இந்தக் கேள்விக்கு "நான் மட்டும்" என்று எந்தத் தமிழ்க் குடும்பத்திலும் பதில் வருவதில்லை. கணவனும் மனைவியும் போனால் பிள்ளைகளை யாரிடம் விடுவது? பிள்ளைகளும் வந்தால் பாட்டி வீட்டில் தனியாக இருப்பார். பாட்டியை அழைத்துப் போனால், பக்கத்துத் தாமானில் இருக்கும் அத்தை "என்னை ஒரு வார்த்தை கூப்பிடலையே" என்று தீபாவளி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இந்தப் பெருக்கத்துக்கு உச்சவரம்பு வைத்த ஒரே நிறுவனம் பெரோடுவா. அதன் மைவி காரில் ஐந்து பேர்தான் உட்கார முடியும்.

ரப்பர்த் தோட்டங்கள் இருந்த காலத்தில் இந்தக் கணக்குக்கே வேலை இல்லை. அப்போது படம்தான் ஆட்களைத் தேடி வந்தது. தகவல் இலாகாவின் வண்டி திடலில் வந்து நிற்கும். வெள்ளைத் துணி கட்டுவார்கள். அரசாங்கம் சொல்ல நினைத்த நல்ல விஷயங்களை முதலில் காட்டிவிட்டுப் பிறகு படத்தைப் போடுவார்கள். கோயில் திருவிழாவுக்குத் தோட்டத்தில் பணம் தண்டிப் படக்காரரை வரவழைப்பதும் உண்டு. பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு லயத்திலிருந்து நடந்தால் போதும். திரைக்கு முன்னால் இடம் கிடைக்காதவர்கள் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் எம்.ஜி.ஆர். இடக்கையால் வாள் வீசுவார். நீதி அப்போதும் அவர் பக்கம்தான். கைக்காசு போனது கச்சான் பூத்தேக்கு மட்டும். காகிதச் சுருளில் கடலையும் கொண்டைக்கடலையும் முறுக்குத் துண்டும் கலந்து கொடுப்பார்கள். ஈப்போ புந்தோங்கில் குடியேறிய தமிழர்கள் ஒரு கிராமத்தையே இந்தத் தொழிலால் பெயர் பெறச் செய்தார்கள். மலாயாவின் திரையரங்கு வாசல்களில் சினிமாவோடு சேர்ந்து வளர்ந்த தின்பண்டம் அது.

பிறகு தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டன. லயத்துக்காரர்கள் தாமான்களுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். பட்டணத்துத் தனித் திரையரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, சினிமா பேரங்காடியின் மேல்மாடிக்கு ஏறியது. கூடவே விலையும் ஏறியது.

இருபது வெள்ளி டிக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1953ஆம் ஆண்டின் கேளிக்கை வரிச் சட்டத்தின்கீழ் நீண்ட காலமாக வழக்கத்தில் இருந்த விகிதம் 25 விழுக்காடு. அந்தக் கணக்கில் பதினாறு வெள்ளிக் காட்சிக்கு நாலு வெள்ளி வரி. 2023 அக்டோபரில் தாக்கலான வரவு செலவுத் திட்டத்தில் திரைப்படக் காட்சிக்கான இந்த வரி பத்து விழுக்காடாகக் குறைந்தது. ஆனால் அது கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் ஆகிய கூட்டரசுப் பிரதேசங்களுக்கு மட்டும். கேளிக்கை வரி மாநிலங்களின் வருமானம் என்பதால் மற்ற இடங்களில் மாநில அரசுதான் முடிவு செய்ய வேண்டும். வரியை மிச்சம் பிடிக்க விரும்பும் மெர்போக்வாசி முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டி, வழியெல்லாம் டோல் கட்டினால் தலைநகரச் சலுகையை அனுபவிக்கலாம்.

சம்பளத்தோடு ஒப்பிட்டால்தான் விலையின் உயரம் தெரியும். 2013இல் தீபகற்ப மலேசியாவுக்கு 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 ஆனது. மணிக்கு 8 வெள்ளி 17 காசு. இருபது வெள்ளி சம்பாதிக்க ஏறக்குறைய 147 நிமிடம் உழைக்க வேண்டும். ஒரு தமிழ்ப் படத்தின் நீளமும் கிட்டத்தட்ட அதுவே. படம் ஓடும் நேரத்துக்குச் சமமான நேரம் தொழிற்சாலையில் நின்றால்தான் படத்தின் முன் உட்கார முடியும் என்று ஆகிறது. நீளமான படமே இலாபம் என்று பெரியவர்கள் கருதுவதில் நியாயம் உண்டு. 2022இல் வந்த 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 167 நிமிடம். இருபது நிமிடம் கொசுறு. பழைய கடாரமான கெடாவின் மக்கள் சோழர்களைப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டி வந்ததும் அப்போதுதான். 1025இல் சோழர்கள் தாங்களாகவே படையோடு வந்தார்கள்.

அந்த இருபதையும் திரையரங்கு வைத்துக்கொள்வதில்லை. வரி போக மிஞ்சுவதை விநியோகஸ்தரோடு பங்கு போட வேண்டும். வாடகை, மின்சாரம், குளிர்சாதனம் எல்லாம் தன் பங்கிலிருந்து. பங்கு கேட்க யாரும் வராத ஒரே பொருள் பாப்கார்ன். உலகம் முழுக்கத் திரையரங்குகள் சோளத்தால் பிழைக்கும் இரகசியம் இதுதான். ஒரு பிடி சோளம் சூடுபட்டுப் பெரிய டப்பாவை நிரப்பிவிடும். விலையும் அதே வேகத்தில் பொரியும். பானத்தோடு சேர்த்து வாங்கினால் தொகை டிக்கெட்டை எட்டிப் பிடிக்கிறது.

வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. அந்தத் தடைக்கு எதிராகக் குடும்பத்தின் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் பாட்டியின் கைப்பை. அதைத் திறந்து காட்டச் சொல்லும் துணிச்சல் வாசலில் நிற்கும் இளைஞருக்கு வருவதில்லை. உள்ளே என்ன கொண்டுபோவது என்பதற்கு நுட்பமான விதிகள் உண்டு. மசால்வடை சத்தம் போடாது, ஆனால் மூன்று வரிசைக்கு வாசம் போகும். முறுக்குக்கு வாசம் இல்லை. கடித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். ஆகவே முறுக்கைச் சண்டைக் காட்சி வரும்வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். குடும்பப் படங்களில் முறுக்கு அப்படியே வீடு திரும்பியதும் உண்டு. இந்தியாவில் இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு, குடிதண்ணீரை மட்டும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் தீர்ப்பானது. பாட்டியின் கைப்பை பற்றித் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை.

மலிவாகப் பார்க்க வழி இல்லாமல் இல்லை. வாரநாள் காட்சிகளுக்கு விலை குறைவு; மாணவர்களுக்குச் சலுகை உண்டு. செமிலிங்கில் உள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது பொருந்தும். குடும்பத்துக்குப் பொருந்தாது. கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு பள்ளிக்கூடம். படங்கள் பெரும்பாலும் வெளியாவது வியாழன், வெள்ளியில். எல்லாருக்கும் ஓய்வு கிடைக்கும் நேரமும் படம் புதிதாக இருக்கும் நேரமும் விலை உச்சத்தில் இருக்கும் நேரமும் பிசகாமல் ஒன்றாக வந்து நிற்கின்றன.

ஐந்து டிக்கெட் நூறு வெள்ளி; இரண்டு பாப்கார்ன் தொகுப்பு நாற்பது. பெட்ரோலை அரசாங்கம் மானியத்தில் பிடித்து வைத்திருப்பதால் அந்தச் செலவு சிறிது. வண்டி நிறுத்தக் கட்டணம் அதைவிடச் சிறிது. மண்டபக் குளிரில் விறைத்துப்போய் வெளியே வந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பசிக்கும். மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் பிள்ளைகளுக்கு மீ கோரெங்கும் சொல்லி முடிக்கையில் இருநூறு நெருங்கிவிடும். படம் நன்றாக இல்லையென்றால் சாப்பாட்டு மேசையில் பேச்சு நீளும். இன்னொரு சுற்றுத் தேநீர் வரும். மோசமான படத்துக்குச் செலவு அதிகம்.

சில வாரம் பொறுத்தால் அதே படம் ஓ.டி.டி.யில் வீட்டுக்கே வருகிறது. பொறுப்பதில்தான் சிக்கல். இரண்டாம் நாளே கோலாலம்பூர் மாமா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "வில்லன் யார்னு சொல்லமாட்டேன், ஆனா அண்ணன்காரன் மேல ஒரு கண்ணு வைங்க" என்று போட்டுவிடுவார். அதனால் முன்பதிவு தொடங்கிய இரவே கைப்பேசியில் இருக்கை தேடப்படுகிறது. நல்ல இடங்கள் போய்விட்டிருக்கும். ஐந்து பேர் சேர்ந்து உட்கார முன்வரிசைதான் கிடைக்கும். பழைய பட்டணத்துத் தியேட்டர்களில் திரையை ஒட்டிய அந்த வரிசைதான் இருப்பதிலேயே மலிவு. இப்போது கழுத்து வலிக்கும் இடத்துக்கும் நடு மண்டபத்துக்கும் பெரும்பாலும் ஒரே விலை. வலி நிவாரணத் தைலம் தனிச் செலவு.